மூன்றாவது விரலை நம்பி வடிவமைக்கும் நண்பர்களுக்கு

க்னோம், கேடிஇ, எக்ஸ்எஃப்சிஇ என்று கட்டற்ற டெஸ்க்டாப்களுக்கு நிரல் எழுதும், திரை வடிவமைக்கும், பிழை திருத்தும், மொழிபெயர்க்கும் நண்பர்களுக்கு,

உங்களில் பலர் ஒரு பைசா வாங்காமல் இந்த வேலையைச் செய்கிறீர்கள். பகலில் ஏதோ ஒரு நிறுவனத்துக்கு உழைத்துவிட்டு, ராத்திரி எங்களுக்காக உட்காருகிறீர்கள். உங்கள் உழைப்பில் ஓடும் கணினியில்தான் இந்த மடலையும் தட்டச்சு செய்கிறேன். எனவே காசு கொடுத்து வாங்கியவனின் அதட்டலோடு எழுத எனக்கு வாய் இல்லை. தினமும் புழங்குகிறவன், பிறருக்குப் பழக்கிவிடுகிறவன் என்ற முறையில் எழுதுகிறேன். கணினி தெரியாத பெரியவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. கடைக் கணக்கு எழுதுபவர்கள், டிடிபி செய்பவர்கள், பட்டறையில் ஸ்டோர் பார்ப்பவர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் எல்லாரும் என் பக்கத்தில் வந்து உட்காருகிறார்கள். நீங்கள் டச்பேடில் வைக்கும் ஒவ்வொரு சைகையும் அவர்கள் கையில் என்ன பாடு படுகிறது என்பதைப் பார்க்கும் இடத்தில் நான் இருக்கிறேன். நீங்கள் இல்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சைகைகளே கூடாது என்பது என் கட்சி அல்ல. இரண்டு விரலால் பக்கத்தை உருட்டுவது, மௌஸுக்குப் பிறகு கணினிக்கு வந்த நல்ல காரியங்களில் ஒன்று. 2005-ல் ஆப்பிளின் பவர்புக்கில் வந்த அந்த வசதியை இன்று யாருக்கும் இரண்டாவது முறை சொல்லித்தர வேண்டியிருப்பதில்லை. படத்தைக் கிள்ளி விரிப்பதையும் கைபேசியிலேயே பழகிவிட்டு வருகிறார்கள். என் வழக்கு மூன்றாவது விரலில் தொடங்குகிறது.

புதிய பதிப்பு ஒவ்வொன்றும் வரும்போது அறிவிப்பைப் படிக்கிறேன். மூன்று விரலால் மேலே தள்ளினால் எல்லா விண்டோக்களும் விரியும், பக்கவாட்டில் தள்ளினால் வொர்க்ஸ்பேஸ் மாறும், நான்கு விரலால் கிள்ளினால் இன்னொன்று. இரண்டு விரலால் செய்வதோடு ஒப்பிட்டால் இதிலெல்லாம் அசைவு ஏறக்குறைய ஒன்றுதான். எத்தனை விரல் என்பது மட்டும் மாறுகிறது, அதோடு பொருளும் மாறுகிறது. நிரல் எழுதுபவருக்கு இது கைக்கு வந்த வசதி. டச்பேடே விரல்களை எண்ணிச் சொல்லிவிடுகிறது, நீங்கள் ஒரு நிபந்தனை எழுதினால் முடிந்தது. ஆனால் மனிதக் கை அப்படி எண்ணிக்கொண்டு வேலை செய்வதில்லை.

இதற்கு என்னைச் சாட்சி கேட்க வேண்டாம், உங்கள் துறையின் ஆய்வே இருக்கிறது. ஜேகப் வோப்ராக், மெரிடித் மோரிஸ், ஆண்ட்ரூ வில்சன் ஆகிய மூவரும் 2009-ல் வெளியிட்டது. மேசை வடிவத் தொடுதிரையின் முன் 20 பேரை ஒவ்வொருவராக உட்காரவைத்தார்கள். ஒரு செயலின் விளைவை முதலில் காட்டிவிட்டு, இது நடக்க நீங்கள் என்ன சைகை செய்வீர்கள் என்று கேட்டார்கள். 27 செயல்களுக்கு 1,080 சைகைகள் சேர்ந்தன. எத்தனை விரலால் செய்கிறோம் என்பதை மக்கள் பெரும்பாலும் பொருட்படுத்துவதே இல்லை என்பது அதில் கிடைத்த முடிவுகளில் ஒன்று. இரண்டு கையைவிட ஒரு கையையே விரும்பினார்கள். மௌஸில் பழகிய பழக்கங்களையே தொடுதிரைக்கும் கொண்டுவந்தார்கள். அதே மூவர் அடுத்த ஆண்டு இன்னொன்றையும் சொன்னார்கள். பலர் தனித்தனியே யோசித்தும் ஒன்றாகவே வந்து நின்ற சைகைகள்தான் மக்களுக்குப் பிடித்தன. துறை வல்லுநர்கள் உருவாக்கியவை பல நேரம் கைக்கும் மனத்துக்கும் சிக்கலாக இருந்தன. வல்லுநர்களே தங்கள் கூட்டத்தைப் பற்றி இப்படி எழுதினார்கள் என்பதைக் கவனியுங்கள்.

அது மேசைத் திரையில் செய்த ஆய்வு, டச்பேடுக்குப் பொருந்துமா என்று நீங்கள் கேட்கலாம். டச்பேடில் நிலைமை இன்னும் மோசம் என்பேன். தொடுதிரையில் கண்ணாவது விரலைப் பார்த்துக்கொண்டிருக்கும். டச்பேடில் கண் திரையில் இருக்கிறது, கை கீழே இருக்கிறது. எத்தனை விரல் பலகையைத் தொடுகின்றன என்று யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

போதாக்குறைக்கு, இந்த எண்ணிக்கைக்கு ஊருக்கு ஊர் ஒரு பொருள். 2008-ல் வந்த முதல் மேக்புக் ஏரில் மூன்று விரலைப் பக்கவாட்டில் தள்ளினால் உலாவியில் முந்தைய பக்கம் வரும். விண்டோஸ் 10-ல் அதே அசைவு செயலி மாற்றும். 2021 மார்ச்சில் வந்த க்னோம் 40-ல் வொர்க்ஸ்பேஸ் மாற்றும். க்னோமிலேயே அதற்கு முன் வேலண்டில் வொர்க்ஸ்பேஸ் மாற்ற நான்கு விரலை மேலும் கீழும் தள்ளவேண்டியிருந்தது. அலுவலகத்தில் விண்டோஸ், வீட்டில் பிள்ளையின் லினக்ஸ் என்று இரண்டு மடிக்கணினிகளுக்கு நடுவில் வாழும் ஒருவருக்கு இதில் எதைப் பழகு என்று நான் சொல்வது? "மறந்துடுங்க சார், கீபோர்டுல ஆல்ட்-டேப் அமுக்குங்க" என்றுதான் சொல்கிறேன். அந்த ஒன்று இரண்டிலும் ஏறக்குறைய ஒரே வேலையைச் செய்கிறது.

கோவையில் ஒரு பட்டறையில் ஸ்டோர் பார்க்கும் அண்ணன் ஒருவரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். பவர் பிரஸ்ஸில் அடிபட்டவர். வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பாதியோடு நின்றுவிட்டன. மிஷினில் நிற்க முடியாது என்றதும் முதலாளி அவரை ஸ்டோரில் உட்காரவைத்தார். போல்ட், புஷ், பேரிங் என்று இருப்புக் கணக்கு முழுவதும் ஒரு பழைய மடிக்கணினியில், லினக்ஸில். மோதிர விரலால் அம்புக்குறியை நகர்த்துவார். மோதிர விரலும் சுண்டுவிரலும் சேர்ந்து பக்கத்தை உருட்டும். அப்போது கை நிலையாக நிற்பதற்காகக் கட்டைவிரல் பலகையின் மேல் ஓரமாக ஊன்றும். கட்டைவிரலை இனம்கண்டு ஒதுக்க உங்கள் மென்பொருளில் ஏற்பாடு உண்டு என்பது எனக்குத் தெரியும். ஆனால் அது கட்டைவிரலை எதிர்பார்க்கும் இடம் ஒன்று, இவர் கட்டைவிரல் ஊன்றும் இடம் வேறு. பலகை அதையும் எண்ணி மூன்று என்கிறது. அவர் பார்த்துக்கொண்டிருந்த கணக்குத் தாள் சட்டென்று சுருங்கி, திறந்திருந்த விண்டோ எல்லாம் வரிசையாக வந்து நிற்கிறது. ஒரு நாளில் பல முறை. கணினியில் வைரஸ் என்று நினைத்து இரண்டு கடையில் காட்டியிருக்கிறார்.

"இத நிறுத்தறதுக்கு வழி எதுவும் இல்லீங்களா?" என்றார் என்னிடம். செட்டிங்ஸ் முழுக்கத் தேடினேன். அம்புக்குறியின் வேகத்தை மாற்றலாம், உருட்டும் திசையை மாற்றலாம், மூன்று விரலை மட்டும் அணைக்க இடமே இல்லை. கடைசியில் டச்பேடையே அணைத்துவிட்டு யுஎஸ்பி மௌஸ் ஒன்று வாங்கிக் கொடுத்தோம். இரண்டு விரலால் உருட்டும் சுகமும் அதோடு போயிற்று. கோவை, அம்பத்தூர், ஓசூர் பக்கம் பட்டறைகளில் இப்படிப்பட்ட கைகள் எத்தனையோ இருக்கின்றன. அவை உங்கள் அறிமுக வீடியோக்களில் வருவதில்லை. அங்கே வருவதெல்லாம் நகம் திருத்திய ஐந்து நீள விரல்கள்.

இதில் என்னை மேலும் உறுத்துவது, பல்தொடுகை பிறந்த கதை. அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்த வேய்ன் வெஸ்டர்மனுக்குத் தட்டச்சு செய்து செய்தே கை வலி. விசையை அமுக்காமல், மேலே தொட்டாலே போதும் என்ற ஒரு பரப்பை அவர் தேடினார். அவரும் பேராசிரியர் ஜான் எலையாஸும் சேர்ந்து 1998-ல் ஃபிங்கர்வொர்க்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். பல விரல்களைத் தனித்தனியாக உணரும் பலகைகளை விற்றார்கள். வாங்கியவர்களில் பலர் கைவலிக்காரர்கள். 2005-ல் ஆப்பிள் அந்த நிறுவனத்தை வாங்கிக்கொண்டது, இரண்டு ஆண்டில் ஐபோன் வந்தது. வலிக்கும் கைக்காகச் செய்த ஒன்று, இன்று குறையில்லாத கை இருந்தால்தான் ஒழுங்காக வேலை செய்வேன் என்கிறது.

கைபேசியில் எல்லாருக்கும் வருகிறதே, கணினியில் ஏன் வராது என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். கைபேசியில் விரல் பொருளையே தொடுகிறது. படத்தின் மேல் விரல் வைத்தால் அந்தப் படம்தான் நகரும், அதில் சந்தேகத்துக்கு இடமில்லை. டச்பேடில் விரல் ஓர் இடம், அம்புக்குறி ஓர் இடம், எழுத்து விழும் விண்டோ இன்னோர் இடம். இரண்டு விரலால் உருட்டினால் அம்புக்குறிக்குக் கீழே எது இருக்கிறதோ அது நகரும். தட்டச்சு செய்தால் கடைசியாகக் கிளிக் செய்த விண்டோவில் எழுத்து விழும். இந்த வித்தியாசம் உங்களுக்கு மூச்சு விடுவதுபோலப் பழகிவிட்டது. புதிதாக வருகிறவர், கண்ணெதிரே ஒரு விண்டோவில் பக்கம் நகர்வதைப் பார்த்துவிட்டு, எழுத்தும் அங்கேதான் விழும் என்று நம்பித் தட்டுகிறார். வேறெங்கோ விழுகிறது.

டிடிபி செய்யும் ஒரு தங்கை, கல்யாணப் பத்திரிகையில் பெயர்ப் பட்டியலைத் திருத்திக்கொண்டிருந்தாள். பக்கத்தை விரலால் வேகமாக உருட்டிவிட்டுக் கையை எடுத்தாள், அடுத்த கணமே சேமிக்கக் கன்ட்ரோல் விசையை அமுக்கினாள். சேமிப்பதற்குள் பக்கம் பூதாகாரமாகப் பெருத்துவிட்டது. மாமா பெயரின் நடு எழுத்து ஒன்று மட்டும் திரை முழுக்க. என்ன நடந்தது என்று உங்களுக்கு உடனே புரிந்திருக்கும். விரலை எடுத்த பிறகும் பக்கம் வந்த வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஓட்டத்தின் நடுவில் கன்ட்ரோல் சேர்ந்ததும், கன்ட்ரோலோடு உருட்டினால் பெரிதாக்கு என்ற கட்டளையாக அதைச் செயலி எடுத்துக்கொண்டது. அவளுக்கு எப்படிப் புரியும்? அவள் விரல் பலகையிலேயே இல்லை. பழைய சினாப்டிக்ஸ் இயக்கி இந்த ஓட்டத்தைத் தானே வைத்துக்கொண்டதால் வந்த தொல்லை இது. அதைத் தெரிந்துகொண்டுதான், டச்பேடைக் கையாளும் புதிய மென்பொருளான லிப்இன்புட்டை எழுதியவர்கள் அந்தப் பொறுப்பைச் செயலிகளின் பக்கம் தள்ளினார்கள். விரல் எடுக்கப்பட்டது என்ற செய்தியை மட்டும் அது தருகிறது, மேற்கொண்டு ஓடுவதா நிற்பதா என்று செயலி முடிவு செய்யலாம். முடிவு சரிதான். ஆனால் எல்லாச் செயலியும் அந்தப் பொறுப்பை ஒரே மாதிரி ஏற்கவில்லை. ஒரே பலகையில் ஒரு செயலியில் பக்கம் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது, இன்னொன்றில் விரல் நின்ற இடத்தில் நிற்கிறது. புதுச் சைகைக்கு ஒதுக்கும் நேரத்தில் பாதியை இந்த இரண்டு விரல் உருட்டலை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஆக்க ஒதுக்கியிருந்தால், அந்தத் தங்கை உங்களை வாழ்த்தியிருப்பாள்.

பலகைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. உங்கள் மேசையில் இருக்கும் மடிக்கணினியில் கண்ணாடி டச்பேட் இருக்கும், ஐந்து விரலையும் தனித்தனியாகச் சொல்லும். எங்களிடம் வருபவை மூன்றாம் கை மாறியவை. பழைய டச்பேடுகள் சிலவற்றால் இரண்டு விரல்களின் இடத்தைத் தனித்தனியாகச் சொல்லவே முடியாது. இரண்டையும் உள்ளடக்கிய ஒரு செவ்வகத்தின் எல்லையை மட்டும் சொல்லும். விரல்கள் அதன் எந்த இரு மூலைகளில் நிற்கின்றன என்பது அதற்கே தெரியாது. வேறு சில, இரண்டு விரல்களின் இடத்தைச் சொல்லிவிட்டு, மூன்றாவது ஒன்று எங்கோ இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்ளும். லிப்இன்புட்டின் ஆவணங்களிலேயே இதெல்லாம் எழுதியிருக்கிறது. நல்ல பலகையிலும்கூட மூன்று விரல்கள் ஒரே கணத்தில் வந்து அமர்வதில்லை. முதலில் இரண்டு, ஒரு கண்சிமிட்டலுக்குப் பிறகு மூன்றாவது. அதுவரை காத்திருந்தால் உருட்டல் தாமதமாகத் தெரியும். காத்திருக்காவிட்டால் வொர்க்ஸ்பேஸ் மாற்ற வந்தவருக்குப் பக்கம் உருளும். இந்த இழுபறிக்குத் தீர்வே கிடையாது. ஒவ்வொரு புதுச் சைகையும் பழைய சைகைகளைக் கொஞ்சம் தாமதமாக்குகிறது, அல்லது கொஞ்சம் பிசகவைக்கிறது. இந்த விலையை அறிவிப்பில் யாரும் எழுதுவதில்லை.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. சைகை கண்ணுக்குத் தெரியாது. பொத்தான் தெரியும், மெனு தெரியும், அமுக்கிப் பார்க்கலாம். மூன்று விரலை மேலே தள்ளினால் ஏதோ நடக்கும் என்று எந்தத் திரையும் சொல்வதில்லை. டான் நார்மனும் ஜேகப் நீல்சனும் 2010-லேயே இதைக் கடுமையாகச் சாடினார்கள். கண்ணுக்குத் தெரிவது, செய்ததைத் திரும்பப் பெறுவது, எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருப்பது என்று பல ஆண்டுகள் பாடுபட்டுச் சேர்த்த வடிவமைப்பு நெறிகளைச் சைகைக்காரர்கள் கைவிட்டுவிட்டார்கள் என்பது அவர்கள் குற்றச்சாட்டு. இரண்டு ஆண்டு கழித்து விண்டோஸ் 8 அதற்கு எடுத்துக்காட்டாக வந்து நின்றது. ஸ்டார்ட் பொத்தானை எடுத்துவிட்டு, திரையின் ஓரங்களிலும் மூலைகளிலும் வசதிகளை ஒளித்துவைத்தார்கள். முன்வாசலைச் சுவர் வைத்து அடைத்துவிட்டு, கொல்லைப்பக்கம் சுவரேறி வரலாம் என்று சொன்ன கதைதான். கணினியை அணைக்கும் இடம் தெரியாமல் ஜனங்கள் தவித்தார்கள். மறு ஆண்டு அக்டோபரில் 8.1 வந்தபோது ஸ்டார்ட் பொத்தான் திரும்பிவந்தது. அவ்வளவு பெரிய நிறுவனமே பின்வாங்க வேண்டியிருந்தது.

உங்கள் பக்கமும் இந்த ஒளித்தல் மெல்ல மெல்ல வந்துகொண்டிருக்கிறது. 2011-ல் மேக் ஓஎஸ் லயன், உருட்டும்போது மட்டும் ஸ்க்ரோல் பட்டையைக் காட்டத் தொடங்கியது. 2015-ல் க்னோம் பயன்படுத்தும் ஜிடிகே 3.16 அதே வழிக்கு வந்தது. திரை சுத்தமாக இருக்கிறது, உண்மைதான். என்னிடம் பயிலும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், ஒரு பட்டியலின் கடைசியில் தெரிந்த வரி முழு வரியாகவே முடிந்திருந்ததால், "இவ்வளவுதான் போலிருக்கு" என்று விண்டோவை மூடிவிட்டார். அவர் தேடிவந்தது அதற்கு அடுத்த வரியில் இருந்தது. கீழே இன்னும் இருக்கிறது என்று சொல்ல அங்கே ஓர் அடையாளம்கூட இல்லை. லயனிடம் நல்ல குணம் ஒன்று உண்டு, அதையும் சொல்லவேண்டும். உருட்டும் திசையைத் தலைகீழாக மாற்றியபோதும், ஸ்க்ரோல் பட்டையை ஒளித்தபோதும், பழையபடி வேண்டும் என்பவர்களுக்குச் செட்டிங்ஸில் ஒரு கிளிக்கில் வழி வைத்திருந்தார்கள்.

நீங்கள் நன்றாகச் செய்தவற்றை மறைத்தால் அது நேர்மை ஆகாது. க்னோம் 40-லும், 2022 ஜூனில் வந்த கேடிஇயின் பிளாஸ்மா 5.25-லும் சைகை விரலோடு சேர்ந்தே நகர்கிறது. பாதியில் மனம் மாறினால் விரலைப் பின்னுக்கு இழுத்தால் போதும், ஒன்றும் நடக்காமல் திரும்பிவிடுகிறது. சைகை முடிந்த பிறகு தடாலென்று திரை மாறுவதற்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். பயந்துபோகிறவர்கள் இதில் குறைவு. க்னோம் 40-க்கு முன் பயனர்களை வைத்து ஆய்வு நடத்தினீர்கள், அதுவும் எனக்குத் தெரியும். விரல்களைச் சும்மா வைத்தாலே ஓடும் பக்கத்தை நிறுத்த உதவும் செய்தியை 2021-ல் லிப்இன்புட்டில் சேர்த்தீர்கள். எவ்வளவு சின்ன விஷயம், எவ்வளவு பெரிய நிம்மதி!

ஆனால் விரலோடு நகராத சைகைகளும், திரும்பப் பெற முடியாத சைகைகளும் இன்னும் இருக்கின்றன. உலாவியில் இரண்டு விரலைப் பக்கவாட்டில் தள்ளினால் முந்தைய பக்கத்துக்குப் போவதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பிரவுசிங் சென்டரில் சான்றிதழ் விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். அட்டவணையின் வலதுகோடிக்குப் போய்விட்டு, இடப்பக்கம் திரும்பிவர உருட்டினார்கள். அட்டவணை தன் எல்லையை அடைந்ததும், மிச்ச அசைவை உலாவி "பின்னால் போ" என்று எடுத்துக்கொண்டது. நிரப்பிய அத்தனையும் போயிற்று. வெளியே வரிசையில் நின்ற அம்மா, "சர்வர் போயிடுச்சா தம்பி?" என்று கேட்டுவிட்டு மறுபடியும் முதலிலிருந்து தன் தகப்பனார் பெயரைச் சொல்லத் தொடங்கினார். பக்கத்தை எழுதுபவர்கள் இதைத் தடுத்து எழுத வழியுண்டு என்பீர்கள். அரசாங்கப் படிவம் எழுதுபவர் அதை எப்போது எழுதுவார் என்று நானும் நீங்களும் காத்திருக்கலாம். அந்த அம்மா காத்திருக்க முடியாது.

தொடுதிரை பொருத்திய டெஸ்க்டாப்களுக்கு இதே சைகைகளை நகலெடுக்கும் ஆசையும் உங்களில் சிலருக்கு இருப்பதைப் பார்க்கிறேன். நிமிர்ந்து நிற்கும் திரையைக் கை நீட்டித் தொட்டுக்கொண்டே இருந்தால் தோள் விட்டுப்போகும். கொரில்லாக் கை என்று இதற்கு உங்கள் துறையே பெயர் வைத்திருக்கிறது. ஸ்டீவ் ஜாப்ஸ் 2010-ல் மேடையேறி மேக்கில் தொடுதிரை வேண்டாம் என்றதற்கும் இதையே காரணமாகச் சொன்னார். டிக்கெட் கவுன்டரில் நின்றபடி ஒரு தட்டு தட்டுவது வேறு, நாள் முழுக்க உட்கார்ந்து செய்யும் வேலை வேறு. இதை இதற்கு மேல் வளர்க்கவில்லை.

என் புகாருக்கு நீங்கள் சொல்லப்போகும் பதில்களை ஓரளவு ஊகிக்க முடிகிறது. "அதற்கு எக்ஸ்டென்ஷன் இருக்கிறது" என்பீர்கள். டெர்மினலைத் திறந்து ஒரு வரி எழுதினால் மாறிவிடும் என்பீர்கள். இருக்கலாம். பட்டறையில் இருக்கும் அண்ணனுக்கு எக்ஸ்டென்ஷன் என்றால் மின்சார வயர். அடுத்த பதிப்பு வந்ததும் அந்த எக்ஸ்டென்ஷன் வேலை செய்யாமல் போகும் என்பதும் உங்களுக்குத் தெரிந்ததுதானே?

"எல்லாவற்றுக்கும் ஒரு பொத்தான் வைத்தால் செட்டிங்ஸ் குப்பையாகிவிடும்" என்பது இரண்டாவது பதில். இதில் உண்மை உண்டு, நான் மதிக்கிறேன். ஆனால் ஒரு விஷயம் எனக்கு விளங்கவில்லை. டச்பேடை ஒரு விரலால் தட்டினால் கிளிக் ஆகும் வசதியை, தவறுதலாகத் தட்டுப்படுமே என்று அஞ்சி, க்னோம் காலங்காலமாக அணைத்தே கொடுத்துவந்தது. எல்லாருக்கும் அதை இயக்கிக் கொடுத்தது 2024 மார்ச்சில், க்னோம் 46-ல். அப்போதும் வேண்டாதவர் அணைத்துக்கொள்ளச் செட்டிங்ஸில் இடம் இருந்தது. ஒரு விரலுக்கு அவ்வளவு நிதானம் காட்டிய நீங்கள், க்னோம் 40-ல் மூன்று விரலை எல்லாருக்கும் இயக்கிவிட்டு அதை அணைக்க ஒரு பொத்தான்கூட வைக்கவில்லை. தவறுதலாகப் படுவதற்கு வாய்ப்பு எதில் அதிகம்?

இணையப் பக்கங்களுக்கான அணுகல் நெறியின் 2.1 பதிப்பு 2018-ல் வந்தது. பல விரல் தேவைப்படும் எந்தச் செயலையும் ஒரே விரலால், ஒரே சுட்டியால் செய்யவும் வழி இருக்கவேண்டும் என்கிறது அது. பல விரல் இல்லாமல் அந்தச் செயலே நடக்காது என்றால் மட்டும் விலக்கு. அந்த விதியை அதன் மூன்று படிகளில் முதல் படியில், ஏ என்ற கட்டாய அடிப்படையில் வைத்திருக்கிறார்கள். அது இணையப் பக்கம் எழுதுபவர்களுக்கான விதி, டெஸ்க்டாப்பைக் கட்டுப்படுத்தாது. ஒரு பக்கத்துக்கே அப்படி என்றால், அந்தப் பக்கத்தைத் திறக்கும் கணினிக்கு எப்படி இருக்கவேண்டும்?

ஆகவே என் வேண்டுகோள். ஒரு சைகை சேர்க்கும்போது, அதே வேலையைச் செய்ய ஒரே விரலால் கிளிக் செய்யக்கூடிய, கண்ணுக்குத் தெரியும் ஓரிடமும், கீபோர்டில் ஒரு வழியும் இல்லாமல் அதை ஏற்காதீர்கள். குறியீட்டைச் சரிபார்த்து அனுமதிப்பவர்கள் இதை ஒரு நிபந்தனையாகவே எழுதிவைத்துக்கொள்ளுங்கள். எழுதியதை அழிக்கும், மூடும், பின்னால் போகும் எதையும் டச்பேட் சைகையில் கட்டாதீர்கள். கட்டியே ஆகவேண்டும் என்றால் விரலைப் பின்னுக்கு இழுத்தால் ரத்தாகட்டும்.

செட்டிங்ஸில் டச்பேடுக்கு இருக்கும் பக்கத்திலேயே இயங்கும் சைகைகள் எல்லாவற்றையும் ஓர் இடத்தில் படத்தோடு காட்டுங்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரில் ஓர் அணைப்பு பொத்தான் வையுங்கள். மொத்தம் ஏழெட்டு வரி வரும். அதைக் குப்பை என்று யாரும் சொல்லமாட்டார்கள். பலகை எத்தனை விரலைத் தனித்தனியாகச் சொல்லும் என்று மென்பொருளுக்குத் தெரியும். மூன்றாவது விரலைச் சரியாகச் சொல்லத் தெரியாத பலகையில் மூன்று விரல் சைகைகளை ஆரம்பத்திலேயே அணைத்துவையுங்கள்.

மூன்று விரலுக்கு என்ன பொருள் என்பதை க்னோம்காரர்களும் கேடிஇகாரர்களும் ஒரு தடவை சேர்ந்து உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். ஃப்ரீடெஸ்க்டாப் என்று இதற்காகவே ஒரு பொது இடம் வைத்திருக்கிறீர்கள். கிளிப்போர்டு முதல் ஐகான் பெயர்கள் வரை அங்கே ஒத்துப்போனவர்கள்தானே நீங்கள்? ஒத்துவரும்வரை நான்கு விரல், ஐந்து விரல் என்று புதிதாக எதையும் சேர்க்காமல் இருந்தால் எங்களுக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

அடுத்த ஆய்வுக்கு ஆள் தேடும்போது எங்களிடமும் வாருங்கள். கணினிக் கல்லூரி மாணவர்களும் நிரலர்களும் வேண்டாம் என்று சொல்லவில்லை, அவர்களோடு இவர்களையும் சேருங்கள். டிடிபி தங்கை வருவாள், தமிழாசிரியர் வருவார், கோவை அண்ணன் ஞாயிற்றுக்கிழமை என்றால் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். பழைய மடிக்கணினிகள் எங்களிடமே இருக்கின்றன. சோதனைப் பதிப்பை ஒரு பென்டிரைவில் போட்டு அனுப்பினால் போதும். என்ன செய்யவேண்டும் என்று அவர்களுக்கு முன்கூட்டிச் சொல்லாமல் உட்காரவைப்பது என் பொறுப்பு. பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது உங்கள் பொறுப்பு.

அன்புடன்,
உங்கள் டெஸ்க்டாப்பைச் சொல்லிக்கொடுத்துப் பிழைப்பவன்